மஞ்சள் கிட்டங்கிப் பூனை

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் ஆடு காணாமல் போனாலும் சரி, கோழி காணாமல் போனாலும் சரி, ஆட்கள் முதலில் வந்து நின்றது என் கடை வாசலில்தான். போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆட்டுக்காக அந்தப் படி ஏறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்கும் சந்து அது. முனையில் எங்கள் சாயாக் கடை. என் வீட்டுக்காரர் சாயா அடிப்பார், நான் இட்லியும் கப்பைக் கிழங்கும் அவிப்பேன். தேனிப் பக்கத்திலிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அங்கே போய்ச் சேர்ந்தேன். மிளகு, சுக்கு, மஞ்சள் என்று சுற்றிலும் கிட்டங்கிகள், சரக்கை அடுக்கி வைக்கும் குடோன்கள். மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், சுக்கு பொறுக்கும் பெண்கள் எல்லோரும் எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. எந்த வீட்டு ஆடு எந்த வாசலில் நின்றது, எந்தக் கோழி எந்தக் குழம்பில் முடிந்தது என்பதெல்லாம் என் காதுக்கு வராமல் போக வழியில்லை. ஆகவே என் பேர் பரவியதில் கடை இருந்த இடத்துக்குப் பாதிப் பங்கு, என் சாமர்த்தியத்துக்குப் பாதிப் பங்கு. சாமர்த்தியத்துக்கு முக்கால் என்றே வைத்துக்கொள்ளலாம், கேட்க யார் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஆட்டைக் கட்டி வளர்க்கிற வழக்கம் கிடையாது. காலையில் கதவைத் திறந்து விட்டால் அது பாட்டுக்குத் தெருவில் போகும், அரிசிக் கிட்டங்கி வாசலில் சிந்தினதைத் தின்னும், சாயங்காலம் தானே வீடு திரும்பும். அடையாளத்துக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்து விடுவார்கள். அக்கரை வைப்பின் தீவில் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட் யார் மூலமாகவாவது சந்துக்கு வந்து சேரும். ஒருவர் வீட்டுக்கு வந்த டப்பா நாலு வீடு சுற்றும். கடைசியில் சந்து முழுக்க நீலக் கொம்பு ஆடுகள். “என் ஆட்டுக்கு நீலக் கொம்பு” என்று யாராவது வந்து அழுதால் எனக்குக் கோபம்தான் வரும். “உங்க ஆடு எதுன்னு கேட்டேன், பெயிண்ட் எதுன்னு கேக்கல” என்பேன்.

இன்னும் சிலர் வந்து பேரைச் சொல்வார்கள். பேர் சொன்னால் வருகிற பிராணி என்றால் நீங்கள் ஏன் என்னிடம் வருகிறீர்கள், அங்கேயே நின்று கூப்பிடலாமே என்று கேட்டு வைப்பேன். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அது யாரைக் கண்டால் ஒதுங்கும், எங்கே போய்ப் படுக்கும், மற்ற ஆடு செய்யாத எதைச் செய்யும். சொந்தக்காரர்களுக்கே இது உடனே வராது. யோசித்து யோசித்துச் சொல்வார்கள். பக்கத்துச் சந்தில் நாங்கள் இத்தாத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா ஒருத்தரின் ஆடு தொலைந்தபோது, அது சுவரில் ஒட்டின சினிமாப் போஸ்டரை நக்கும் என்று கடைசியாக வாயைத் திறந்தார். பசைக்காக. மைதா மாவில் காய்ச்சின பசை ஆட்டுக்குப் பாயசம் மாதிரி. “இதை முதல்லயே சொல்லக் கூடாதா” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய், புதுப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டும் நாளில் தியேட்டர் பக்கத்துச் சுவரோரம் நின்றேன். பசை வாளிக்குப் பின்னாலேயே ஆடு வந்தது. கழுத்தில் வேறு யாரோ கட்டின புதுக் கயிறு கிடந்தது. கயிறு கட்டினவர் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் கடையில் சாயா குடித்தார், நானும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் குடிக்கும்போதெல்லாம் அந்த ஆட்டைப் பற்றி மட்டும் சத்தமாகப் பேசுவேன்.

இப்படி ஒரு பேரோடு நான் இருந்த காலத்தில்தான் போடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்குக் குடி வந்தாள். எமர்ஜென்சி முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். கல்யாணமான புதிது. புருஷன் எதிரே இருந்த மஞ்சள் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவான். இவளுக்கு மலையாளம் ஒரு சொல் வராது. குழாயடியில் யாராவது “எந்தா பேரு?” என்று கேட்டால் கூட, குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளோடு தமிழில் பேச நான் ஒருத்திதான், எனக்கோ கடையை விட்டு நகர நேரமில்லை. மிச்சப் பொழுது முழுக்க அவள் பூனையோடுதான் பேசினாள்.

அந்தப் பூனை மஞ்சள் கிட்டங்கியைச் சேர்ந்தது. அவள் புருஷனின் தூக்குச் சட்டியில் இருந்த மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் பின்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அதற்கு இரண்டு வீடு. பகலில் கிட்டங்கியில் எலி பிடிக்கும், இடையிடையே அவளிடம் வந்து போகும். பார்த்தால் சிரிப்பு வரும், அப்படி ஒரு நிறம். அந்தக் கிட்டங்கியில் காய்ந்த மஞ்சளை உருளையில் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவார்கள். தூள் பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புருவம் மஞ்சள், காது மடல் மஞ்சள், தும்மினால் கைக்குட்டை மஞ்சள். பூனை மட்டும் தப்புமா. தலை முதல் வால் வரை மஞ்சள். அது எந்த நிறத்தில் பிறந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. வால் நுனி மடங்கியிருக்கும். ஆனால் மட்டாஞ்சேரியில் பாதிப் பூனைக்கு வால் அப்படித்தான், அதை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த சமயம் பூனை அவள் வீட்டு மரப் பெட்டியில் மூன்று குட்டி போட்டது. அன்று அவளாகவே என் கடைக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் தானாக வந்ததே இல்லை. “அக்கா, மூணு” என்று விரலைக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை, குட்டி போட்டது அவள்தான் என்கிற மாதிரி. நான் அவளுக்கு ஒரு டம்ளர் பால் சாயா கொடுத்தேன்.

குட்டிகள் கண் திறப்பதற்கு முன்னால் சமரம் வந்தது. மலையாளத்தில் வேலைநிறுத்தத்துக்கு அதுதான் சொல். கூலி விஷயமாக யூனியனும் முதலாளிகளும் முறைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சு முறிந்துவிட்டது. நல்ல மழை. மூட்டையைப் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்தார்கள். கிட்டங்கி கிட்டங்கியாகக் கதவுகள் சாத்தின. யூனியன்காரர்கள் ஒவ்வொரு கதவின் குறுக்கேயும் கயிறு கட்டிச் சிவப்புக் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டே போனார்கள்.

அன்று சாயங்காலம் பூனை வரவில்லை. மறுநாள் விடிந்ததும் அவள் என் கடை வாசலில் நின்றாள்.

“அக்கா, பூனையைக் காணாம்க்கா. குட்டிக ராத்திரியெல்லாம் கத்துதுக.”

பிள்ளை பெற்ற பூனை சும்மா ஒதுங்காது. எங்கேயோ அடைபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் லாரியில் அடிபட்டிருக்க வேண்டும். இரண்டாவதை நான் அவளிடம் சொல்லவில்லை. கடையை இவரிடம் விட்டுவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். “நீயும் வா. மஞ்சப் பூச்சன்னு கேளு. பூச்சன்னா பூனை. அவ்வளவுதான், அதுக்கு மேல மலையாளம் வேணாம்” என்றேன். முதல் இரண்டு வாசலில் நான் கேட்டேன். மூன்றாவது வாசலில் அவளே கேட்டாள். குரல் எழும்பவில்லை, ஆனாலும் கேட்டாள்.

மஞ்சள் கிட்டங்கியில்தான் முதலில் தேடினோம். பூட்டின கதவில் காதை வைத்துக் கேட்டோம், பின்பக்கத்து ஓட்டை வழியாகப் பேர் எதுவும் வைக்காத அந்தப் பூனையை “ச்ச், ச்ச்” என்று கூப்பிட்டோம். சத்தமே இல்லை. மிளகுக் கிட்டங்கி, அரிசிக் கிட்டங்கி, படகுத் துறை, மீன் வெட்டும் இடம் எல்லாம் போனோம். மஞ்சள் கிட்டங்கிக்கு நேர் எதிரே சுக்குக் கிட்டங்கி. அதன் ஜன்னல் வழியாக ஒரு பூனை கத்துவது கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். கம்பிக்கு உள்பக்கம் எலி வராமல் இரும்பு வலை அடித்திருந்தார்கள். உள்ளே அரை இருட்டு. மூட்டை அடுக்கின் உச்சியில் ஒரு பூனை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. செங்கல் நிறம். முதுகு, விலா எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. குரல் கம்மிப் போயிருந்தது.

“இது நம்மது இல்லக்கா. இது செவலை” என்றாள் அவள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பக்கத்தில் நின்ற சுக்குக் கிட்டங்கிக்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்துவிட்டு, “அது சுவந்ந பூச்சயல்லே சேச்சி. நிங்ஙளுடேது மஞ்ஞயல்லே” என்றார். சிவப்புப் பூனை, உங்களுடையது மஞ்சள் ஆயிற்றே என்று. மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்தோம்.

குட்டிகளுக்கு ஆட்டுப் பால் வாங்கிக் கொடுத்தேன். போஸ்டர் நக்கும் ஆட்டின் பால்தான், இத்தாத்தா கேட்டவுடன் கறந்து தந்தார். பஞ்சைத் திரியாக்கிப் பாலில் நனைத்துக் குட்டியின் வாயில் வைக்க வேண்டும். அவள் ஒரு நாள் முழுக்க அதைத்தான் செய்தாள். இரண்டு குட்டி உறிஞ்சின. ஒன்று, இருப்பதிலேயே சிறியது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. தாய் வயிற்றுச் சூடு இல்லாமல் குட்டி எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பூனை சீக்கிரம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் புருஷன் சமரப் பந்தலிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பப் போனான்.

அடுத்த நாள் காலை அதே லைன் வீட்டில் கடைசிக் குடித்தனத்து மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாள். திருநெல்வேலிக்காரர்கள், அந்த மாதம்தான் அங்கே குடி வந்திருந்தார்கள். ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பூனைக் கவலையோடு நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் தூளைக் கரைத்தேன். அந்த வீட்டு மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து அதில் விட்டுக் கலக்கினேன். தண்ணீர் சிவந்தது.

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கல்யாணம், காது குத்து, பிள்ளைப்பேறு என்று நான் எத்தனை ஆரத்தி கரைத்திருப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நண்டு சிண்டுக்குக் கூடத் தெரியும். மஞ்சள் கிட்டங்கிக்கு எதிரே இருப்பதோ சுக்குக் கிட்டங்கி. அங்கே சுக்கு வெளுப்பாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காய வைத்து அடுக்குவார்கள். தரையெல்லாம், மூட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். மழையில் நனைந்த மஞ்சள் பூனை ஒன்று அதற்குள் ஓடிப் புகுந்து அங்கே படுத்துப் புரண்டால் என்ன நிறத்தில் இருக்கும். பெயிண்டை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். மஞ்சளும் பெயிண்ட்தானே. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது, ஆனால் எரிச்சலை விடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒழுங்காகச் சுற்றி, பொட்டு வைத்து, தட்டை அந்த மாமியாரின் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.

“பாயசம் குடிச்சிட்டுப் போம்மா” என்றார் அவர்.

“எடுத்து வைங்க. ஒரு பூனையைக் கூட்டிட்டு வந்து குடிக்கிறேன்.”

நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு குட்டிதான் இருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

“ஒண்ணு போயிருச்சுக்கா. விடியக்கால கையிலயே வச்சிருந்தேன். வாழை மரத்து மூட்டுல புதைச்சிட்டு வந்தேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மத்த ரெண்டும் போகாது. உன் பூனை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எந்திரி” என்றேன்.

சமரம் நடக்கும்போது ஒரு கிட்டங்கிக்கு இரண்டு பூட்டு. ஒன்று முதலாளியின் இரும்புப் பூட்டு, சாவி மேனேஜரிடம். இன்னொன்று குறுக்கே கட்டின கொடி. அதை யூனியன் செகரட்டரியைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் கருங்காலி என்று பேர் வரும், அந்தப் பேர் அந்த ஊரில் ஆயுசுக்கும் போகாது. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பேரும் குடிப்பது எங்கள் சாயா. செகரட்டரி பந்தலிலிருந்து பத்து மணிவாக்கில் வருவார், அவர் போன பிறகு மேனேஜர் வருவார். அன்று நான் இவரிடம் சொல்லி செகரட்டரியின் சாயாவை வேண்டுமென்றே தாமதமாக்கினேன். மேனேஜர் வந்துவிட்டார். இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர், “ஒரு பூச்சக்கு வேண்டி பூட்டு துறக்கானோ? சரக்கு மாற்றியெந்நு இவர் பறயும்” என்றார். பூட்டைத் திறந்தால் சரக்கை மாற்றிவிட்டான் என்று யூனியன் சொல்லும் என்று பயம்.

செகரட்டரி என்னைப் பார்த்துத்தான் பேசினார். “ஞான் கொடி அழிச்சா, நாளை எந்டெ ஆள்காரு என்னோடு சோதிக்கும் சேச்சி. பணம் வாங்ஙியோன்னு.” கொடியை அவிழ்த்தால் காசு வாங்கினாயா என்று தன் ஆட்களே கேட்பார்களாம்.

“பூனைக்குக் கூலி உயர்வும் வேணாம், சரக்கும் வேணாம். அது குட்டிக்குப் பால் குடுக்கணும்” என்றேன். “ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நில்லுங்க. ஒருத்தர் திறக்கறதை ஒருத்தர் பாருங்க. பூனை வெளிய வந்ததும் மூடிக்கலாம். முடியாதுன்னா சொல்லிருங்க. நாளையிலேர்ந்து இந்தக் கடையில ரெண்டு பேருக்கும் சாயா கிடையாது, சமரம் முடிஞ்சாலும் கிடையாது.”

என் வீட்டுக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே, “அவ சொன்னா சொன்னதுதான்” என்று மெல்லச் சொன்னார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேனேஜர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார். உள்ளே இருப்பது சிவப்புப் பூனை, ஊர் முழுக்க மஞ்சள் பூனை என்று தேடினீர்கள், இது அதுதான் என்று எப்படித் தெரியும், வழியில் போகிற பூனைக்கெல்லாம் பூட்டைத் திறக்க முடியுமா என்றார். நியாயமான கேள்விதான். ஆரத்தி சமாச்சாரத்தைச் சொன்னேன். செகரட்டரிக்கு உடனே பிடிபட்டது. அவர்கள் கோயிலிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து குருதி பூஜைக்குச் சிவப்புத் தண்ணீர் கரைப்பார்கள். மேனேஜர் மட்டும் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“சரி. பூனைகிட்டயே கேட்போம்” என்று அவளைப் பார்த்தேன். “குட்டியை எடுத்துட்டு வா.”

அவள் ஒரு குட்டியை முந்தானையில் பொதிந்து எடுத்து வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சமரப் பந்தலிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள், சுக்கு பொறுக்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். மூன்று மாதமாக யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத பெண் அத்தனை பேருக்கு நடுவில் நடந்து ஜன்னலுக்குப் போனாள். உள்ளே பூனை அடுக்கின் மேல் சுருண்டு கிடந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் முந்தானையை விலக்கிக் குட்டியை வலையோரம் வைத்தாள். ஈரக் காற்று பட்டதும் குட்டி வீறிட்டது.

பூனை அடுக்கிலிருந்து இறங்கவில்லை, விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே பாய்ச்சலில் ஜன்னல் விளிம்புக்கு வந்து வலையை இரண்டு காலாலும் பற்றிக்கொண்டது. கத்தவில்லை. தாய்ப் பூனை குட்டியிடம் மட்டும் பேசும் ஒரு சத்தம் உண்டு, தொண்டைக்குள் உருளும், அதுதான் வந்தது. குட்டி அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வலையில் மூக்கை முட்டியது. அதற்கு இன்னும் கண் திறக்கவில்லை. மஞ்சளா சிவப்பா என்று அது பார்க்கவும் முடியாது, பார்க்கவும் வேண்டாம்.

செகரட்டரி போய்க் கயிற்றை அவிழ்த்தார். மேனேஜர் சாவியை எடுத்தார். கதவு ஒரு சாண் திறந்ததும் பூனை வெளியே வந்து நேராக அவள் காலடிக்கு ஓடியது. கதவு மூடியது, பூட்டு விழுந்தது, கொடி பழையபடி ஏறியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எதிர் எதிர்த் திசையில் நடந்தார்கள். பந்தல்காரர்கள் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். நான் என்னமோ எனக்குத்தான் தட்டினார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனதும் பூனை பெட்டிக்குப் பாய்ந்தது. “விடாதே, முதல்ல வயித்தைத் துடை. சுண்ணாம்பு குட்டி வாயில போயிரும்” என்று அதட்டினேன். அவள் அதை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து வயிற்றைத் துடைத்தேன். துணி குங்குமமாக வந்தது. துடைக்கத் துடைக்க அடியில் வெள்ளை ரோமம் தெரிந்தது. சுத்த வெள்ளைப் பூனை. இத்தனை நாள் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

பெட்டியில் விட்டதும் பூனை பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டு குட்டியும் இடித்துக்கொண்டு போய்க் காம்பைப் பிடித்தன. முன்னங்காலால் வயிற்றை மிதித்து மிதித்துக் குடித்தன. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையைச் சரியாக முடித்த திருப்தி இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

குட்டிகள் குடித்து ஓய்ந்தன. பூனை எழுந்தது. பெட்டியின் மூலையை முகர்ந்தது. விரித்திருந்த பழைய துணியைக் காலால் கிளறி அடியில் தலையை விட்டுப் பார்த்தது. பெட்டியை விட்டு இறங்கி அடுப்புக்குப் பின்னால் போனது, கதவு இடுக்குக்குப் போனது, பாய்ச் சுருளுக்குள் நுழைந்து வந்தது. போன இடத்திலெல்லாம் ஜன்னலில் நான் கேட்ட அதே சத்தத்தைக் கொடுத்துக் கொடுத்துக் கேட்டது.

“அது தேடுதுக்கா” என்றாள் அவள்.

நான் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பூனையிடம் நேராகப் பேசினாள். “ரெண்டுதான்டி இருக்கு. பஞ்சுல நனைச்சு நனைச்சு வச்சேன், அது வாயே திறக்கல. சூடா இருக்கட்டும்னு நெஞ்சுலயே வச்சிருந்தேன். நான் என்னடி பண்ணட்டும்” என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். விடியற்காலையிலிருந்து அதை யாரிடம் சொல்வது என்று வைத்திருந்திருக்கிறாள்.

பூனை தேடுவதை நிறுத்திவிட்டு அவளிடம் வந்தது. மடியில் கிடந்த அவள் வலது கையை முகர்ந்தது. திரி பிடித்த விரல்கள், விடியும்வரை அந்தக் குட்டியை வைத்திருந்த உள்ளங்கை. அங்கேயே மூக்கை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றது. பிறகு ஒரு காலை அவள் மணிக்கட்டின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டு, குட்டியை நக்குகிற மாதிரியே, உள்ளங்கையை, விரல்களை, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கையை எடுக்காதே” என்றேன்.

அவள் எடுக்கவில்லை.